ஆடாமல் வென்ற கோப்பை

மே 31, சனி

எங்கள் ஊர் ககமேகாவின் சந்தைக்குப் பின்னால் ஷிட்டாண்டா நடத்தும் வீடியோ கேம் கடையில் மாதாமாதம் கால்பந்து கேம் போட்டி. இம்முறை சுவரொட்டியில் புதிதாக ஒரு வரி: பெண்கள் பிரிவு. பெயர் கொடுத்துவிட்டேன். கார்னர் கிக்கை அல்ஜீப்ரா மாதிரி போட்டுப் போட்டுப் பழகுகிறேன்.

ஜூன் 7

நான் சாம்பியன். ஒரு பந்தைக்கூட உதைக்கவில்லை.

பெயர் கொடுத்த பெண் நான் ஒருத்திதானாம். ஷிட்டாண்டா கோப்பையைக் கையில் திணித்தார். இளஞ்சிவப்பு!

"சிரிம்மா, போட்டோ எடுக்கணும்."

"அண்ணே, ஆட வேண்டாமா?"

"ஜெயிச்சப்புறம் எதுக்கு ஆடணும்?"

பையன்களோடு ஆடுகிறேன் என்றேன். "உனக்குன்னு தனிப் பிரிவே வச்சிருக்கேன், பையன்க பக்கமும் வந்து இடிக்கிறியே!"

வீட்டில் என் அண்ணன் மசிண்டே உகாலிக் களியை உருட்டியபடி, "யாரைடி தோக்கடிச்ச? காத்தையா?" என்றான். அம்மா கோப்பையில் கரண்டிகளைப் போட்டு வைத்துவிட்டாள்.

ஜூன் 9

எதிரே உட்கார ஒரே ஒரு பெண் போதும். பள்ளி விவாத மன்றத்தில் 'கேம் போட்டிகளில் பெண்கள் எங்கே?' என்று எட்டு நிமிடம் பேசினேன். பலத்த கைதட்டல். பெயர் கொடுத்தவர்: யாருமில்லை.

ஜூன் 10

நசாம்பு வந்தாள்! வகுப்பில் எப்போதும் எனக்கு அடுத்த ரேங்க்.

"பெண்ணினத்துக்காக எல்லாம் இல்ல. உன்னை ஒண்ணுலயாவது ஜெயிக்கணும்."

காரணம் எதுவானால் என்ன? நானே சொல்லிக்கொடுக்கிறேன். கார்னர் கிக் உட்பட.

ஜூலை 5

நசாம்புவிடம் 0–3. மூன்றும் கார்னர் கிக்.

ஏன் சொல்லிக்குடுத்தேன்? எனக்குப் புத்தி இருக்கா? அவ பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிறா! பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று, "தடுடி, தடு! ஐயோ!" என்று கத்தினார்கள்.

ராத்திரி போர்வைக்குள் அதே ஆட்டத்தைக் கட்டைவிரலால் மறுபடி ஆடிப் பார்த்தேன். கோபம்தானா? கோபம் மட்டும் இல்லை போல.

ஜூலை 7

காலைக் கூட்டத்தில் தொடங்கிய நசாம்புவின் பீற்றல் கடைசி மணி வரை ஓயவில்லை. சகிக்க முடியாமல் நான்கு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். என் எட்டு நிமிடங்களை யார் திருப்பித் தருவார்?

ஆகஸ்ட் 2

பெண்கள் பிரிவில் பதினோரு பேர். நான் முதல் சுற்றிலேயே அவுட் — ஏழாம் வகுப்புக் குட்டி ஒருத்தியிடம். "அழாதீங்கக்கா" என்றாள். அழவில்லை. வியர்வை.

இறுதி ஆட்டத்தின்போது ஷிட்டாண்டா கத்தினார்: "தோத்தவங்க எல்லாம் வெளிய போங்கம்மா, மூச்சு விட இடமில்ல!"

யாரும் நகரவில்லை. நானும்தான்.