படகு சீட்டின் தையல்

சாயின் அப்பாவுக்கு,

கரமனைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

கிணற்றுக்கு வாங்கின பிளீச்சிங் பவுடரைப் போட்டு இனிமேல் படகு சீட்டைத் தேய்க்காதீர்கள். அழுக்கோடு நான் போட்ட தையலும் போய்விடுகிறது. தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ போதும். பழைய பனியனால் மெதுவாகத் துடையுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு உறையால் மூடுங்கள். வெயில் பட்டால் ரெக்ஸின் வெடிக்கும்.

“பளபளன்னு இருக்கட்டும்னுதானே செஞ்சேன், கேட்டியா?” என்றீர்கள். தெரியும். ஆனாலும் நேற்றுப் படகில் பயணிகள் முன்னால் நான் உங்களிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

ஸ்ரீலட்சுமி

சாவி மீட்டர் பெட்டிமேல்.

இன்னொன்று: பிரிந்துபோன சீட்டைக் காலையில் தைத்துவிட்டேன். தையல் கோணல்தான், பயணிகளுக்கு வேண்டாம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.