பெட்டி மாட்டிய ஒரு நாள்

இன்று பள்ளியில் ஆசிரியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம். ஊசி குத்திய இடத்தில் நர்ஸ் ஒட்டிய பிளாஸ்திரியை வீட்டுக்கு வந்துதான் பிய்த்தேன். அந்தப் பசை வாசத்தில், என்னங்க, உங்கள் மார்பு நினைவுக்கு வந்துவிட்டது. ஒயர்களைக் கழற்றிய பிறகு அங்கங்கே சிவந்திருந்த மார்பு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன்.

கரும்பு வரப்பில் நீங்கள் மயங்கி விழுந்த பிறகுதான் திருச்சிக்குப் போனோம். "ஒரு ரத்தக்குழாய் ரொம்ப நாளா முழுசா அடைச்சிருக்கு. பக்கத்துச் சின்னக் குழாய்ங்க சமாளிக்கிறதால வலி தெரியல. ஆனா துடிப்பு எப்ப வேணாலும் தாறுமாறாப் போகலாம்" என்றார் டாக்டர். மார்பில் ஒயர்களை ஒட்டி, துடிப்பைப் பதியும் பெட்டியை இடுப்பில் மாட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் கொண்டாங்க. அதுவரைக்கும் வழக்கம்போல வேலை பாருங்க. துடிப்பு தப்புனா சரிபண்ற கருவிய நெஞ்சுல வைக்கணுமான்னு அதப் பாத்து முடிவு பண்ணலாம்."

நம் ஊர் எறையூருக்கு வந்து சேர்வதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் நம் வயலில் கரும்பு வெட்டு. காலையில் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். லீவு போட்டுவிட்டு வாசலை மறித்து நின்றேன்.

"டாக்டர் வேலை பாக்கச் சொன்னாருல்ல?"

"பொட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? பேசாம படுங்க."

கஞ்சிகூடக் கட்டிலுக்கே வந்தது. புரண்டு படுத்தாலும் அதட்டினேன். வகுப்பையே அடக்குகிறவளுக்கு ஒரு ஆளை அடக்குவது பெரிய காரியமா? அன்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் திருச்சியில் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள்; பதிவில் ஒரு குறையும் இல்லை. "நல்லா வேலை செஞ்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"செஞ்சேன் சார். லோடுகூட ஏத்துனேன்."

எனக்குத் திட்டு விழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

"வேலை செஞ்சும் துடிப்பு சரியாத்தான் இருக்கு. அப்ப இப்போதைக்கு மாத்திரை போதும்."

கருவி வேண்டாம் என்றாகிவிட்டதில் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம். பத்து நாள் கழித்து, கடைசி லோடு ஏற்றும்போது நீங்கள் விழுந்தீர்கள். ஆட்கள் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கருவி வைத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஊரில் மட்டும் இன்னும் சொல்கிறார்கள்: "டீச்சர் அவர எப்படிப் பாத்துக்கிட்டாங்க! லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே!" மறுக்காமல் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாராட்டைச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது, என்னங்க. என்னைத் திட்ட உரிமையுள்ள ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் திட்டாமலே போய்விட்டீர்கள்.