நாய் என்று சொல்லிவிடு

மார்ச் 4

அண்ணன் மகளுக்கு இன்று பன்னிரண்டு முடிந்தது. பரிசு, மின்சார ஸ்கூட்டர். நின்றுகொண்டே ஓட்டுகிற வகை. அண்ணனும் அண்ணியும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. "பதினாறு ஆகாம ரோட்ல ஓட்டக் கூடாது. மாட்டினா கேஸ் உங்க மேலதான்" என்றேன். அண்ணி கேக்கை வெட்டிக்கொண்டே, "பெத்தவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள். அண்ணன் சிரித்தான். கூடப் பிறந்தவன்!

பிள்ளை பெறாதவள்தான். ஆனால் நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறேன். என் இருக்கையிலிருந்து பார்த்தால், ஸ்கூட்டரில் நிற்கும் பிள்ளை முன் கண்ணாடியின் ஓரச் சட்டத்துக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோகும். ஒவ்வொரு திருப்பத்திலும் எழும்பி எட்டிப் பார்த்த பிறகுதான் திருப்புவேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல?

மார்ச் 11

ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருந்தேன். முடி கலைகிறதாம். பால்கனியில் கவிழ்த்துப் போட்டு, மண் நிரப்பிச் செடி வைத்திருக்கிறாள் அண்ணி.

மார்ச் 19

வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்களாம். கடைக்காரன் போனில் எதையோ தட்டினான், முடிந்ததாம். அண்ணன் பெருமையாகச் சொல்கிறான். "மத்த பசங்க எல்லாம் முந்திட்டுப் போறாங்கன்னு அழறா." அழுதால் கொடுத்துவிடுவதா? கேட்டால் சண்டை வரும். கேட்டேன், வந்தது.

மார்ச் 26



பள்ளி விடும் நேரம், நிற்க இடமில்லாத கூட்டம். சந்திலிருந்து எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் பாய்ந்து வந்தது. முழு பிரேக். ஸ்கூட்டர் சரிந்தது, அவள் எழுந்தாள், என்னை நேராகப் பார்த்தாள் — அவள்தான், என் அண்ணன் மகள் — வண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஒரு சிராய்ப்பு இல்லை. நல்லவேளை, இல்லை. பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஓர் அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையை விடவே இல்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள் டிப்போவில். முன் கேமராவில் வெயில் அடித்து எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 27

இருவரும் வந்தார்கள். அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சொந்தப் பிள்ளையை ஆபத்தில் விட்டதாக வழக்கு வந்தால் அந்த வேலை போய்விடுமாம்.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு" என்றான் அண்ணன். "கேமராவுலதான் ஒண்ணும் தெரியலையே."

"ஆளுங்க நிக்கிற பஸ்ஸுல நாய்க்காக அப்படி பிரேக் போடக் கூடாது. டிப்போவுல முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது அதுதான். நாய்னு சொன்னா தப்பு என் மேல. என் வேலை போயிடும்."

"ஒரு நாய்க்காக வேலைய விட்டுத் தூக்குவாங்களா? காதுல பூ சுத்தாத."

"உனக்கென்ன, ஒத்த ஆளு. எப்படியும் பொழைச்சுப்ப" என்றாள் அண்ணி.

ஒற்றை ஆளுக்கு வயிறு கிடையாதா? வீட்டுக்காரர் வாடகையை விட்டுவிடுவாரா? இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை நான். என்ன நெஞ்சழுத்தம் இவர்களுக்கு!

மார்ச் 30

அவளைக் காட்டிக் கொடுப்பதா? என் மடியில் தூங்கி வளர்ந்தவள். எனக்கு ஜுரம் என்றால் பக்கத்தை விட்டு நகராதவள். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் நாய் என்று சொன்னால், மறுநாளே அதே ஸ்கூட்டரில் அதே சந்திலிருந்து வருவாள். அப்போது எதிரே வரும் பஸ்ஸை ஓட்டுவது நானாக இருக்காது.

ஏப்ரல் 3

"குறுக்க வந்தது என்ன?" என்றார் விசாரணை அதிகாரி.

"என் அண்ணன் பொண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வயது கேட்டார். சொன்னேன்.

ஏப்ரல் 9

ஸ்கூட்டரைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. இருவர் மேலும் வழக்கு. அண்ணியை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம் காப்பகம். அண்ணன் போனில் கத்தினான். "சொந்தப் புள்ளைய மாட்டிவிட்டவ நீ. இன்னையோட உன்னைத் தலை முழுகியாச்சு."

அவளையா மாட்டிவிட்டேன்? உங்களைத்தான்டா. வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுத ஆசை. ஆனால் அழுகை வருகிறது.

ஏப்ரல் 15

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறார். "அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். இதை முதலில் கேட்டவர் இவர்தான்.

மே 6

என் மேல் தப்பில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். மறுபடி அதே தடம், அதே பஸ்.

மாலையில் பள்ளி நிறுத்தத்தில் அவள் ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, அப்படியே அண்ணியின் முகம். அத்தை என்று கூப்பிடவில்லை. "டிரைவர், பார்க் ஸ்டாப்ல இறங்கணும்" என்றாள், யாரோ எவரோ போல. வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

உட்கார இடமில்லை. நடுவில் போய் நின்றாள். "கம்பியைப் பிடிச்சுக்கோ" என்றேன். கையைக் கட்டிக்கொண்டாள். நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். உள்ளே முணுமுணுத்தார்கள். ஒருவர், "என்னம்மா, கிளம்பலாமா?" என்றே கேட்டுவிட்டார். கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிடித்துக்கொண்டாள். வண்டியை எடுத்தேன்.