நீலச் சட்டை

மார்ச் 3

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

அப்பா வீட்டுக்கு வந்ததும் சொறி அடங்கிவிட்டது. முள் குத்துகிற மாதிரி இருந்த கையும் கழுத்தும் பழையபடி ஆகிவிட்டன. அவசரத்தில் துணிகூட எடுத்து வராததால் தங்கச்சியின் உடுப்பில்தான் திரிகிறேன். "அங்க இருந்தா வருது, இங்க வந்தா போகுது. அப்புறம் எதுக்கு அங்க போகணும்?" என்று அப்பா பிடித்துக்கொண்டார். இங்கேயே எனக்கு வேலை தேடுகிறாராம். நம் வீட்டில் என்ன காரணம் என்று கொஞ்சம் பாருங்களேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வாயாடி

மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

சோப்பை மாற்றினேன். மெத்தையை வெயிலில் போட்டு அடித்தேன். மூட்டைப்பூச்சி ஒன்றும் இல்லை. வேர்க்குருவுக்கு இது காலமில்லை என்கிறார் மருந்துக்கடைக்காரர். உன் பூனையையும் பக்கத்து வீட்டில் விட்டேன், பிராண்டிவிட்டுப் போனது.

இனிச் சந்தேகப்பட மிச்சம் நான்தான். ஏசி குழாய்களுக்குப் பஞ்சு சுற்றிவிட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இருந்தாலும், உடம்பைக் கெடுத்துக்கொண்டு வா என்று எப்படிச் சொல்வேன்? உன் ரேடியோவை அனுப்பியிருக்கிறேன். உடையாமலிருக்க, துவைத்த நீல வேலைச் சட்டையில் சுற்றியிருக்கிறேன்.

உன் மனுஷன்

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

ரேடியோ பாடுகிறது. சிரிக்கக் கூடாது: அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். சொறி திரும்பிவிட்டது, சட்டை பட்ட இடத்தில் மட்டும். "அவரு சட்டைகூட உனக்கு ஆகல" என்கிறார் அப்பா. அழுகையாக வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் இங்கே இல்லையே. சட்டைதானே இருக்கிறது?

வாயாடி

மார்ச் 26

அன்புள்ள வாயாடிக்கு,

மேஸ்திரியிடம் கேட்டேன். "யோவ், நாம சுத்துறது கண்ணாடிப் பஞ்சு. சேர்த்துத் துவைச்சா அந்தத் தூள் எல்லாத் துணியிலயும் ஏறிடும். நமக்குத் தோல் பழகிடுச்சு, வீட்ல இருக்கிறவங்கள குத்தாதா?" என்றார். என் துணியைத் தனியாகத் துவைக்கிறேன் என்று முன்பு நான் சொன்னதற்கு, "ஒரே வீட்டுத் துணிக்கு என்ன பாகப்பிரிவினை?" என்று மெஷினில் சேர்த்துப் போட்டவள் நீ.

இப்போது வேலைத் துணியை அங்கேயே அலசிவிட்டு, குளித்து மாற்றிக்கொண்டு வருகிறேன். வீட்டுத் துணியெல்லாம் திரும்பத் திரும்ப அலசியாயிற்று. பூனையும் வந்துவிட்டது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. வந்துவிடு.

உன் மனுஷன்

ஏப்ரல் 2

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே போய் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்தார்.

வேலைத் துணியோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடாதீர்கள். நாலு பேர் பார்த்தாலும் கட்டிக்கொள்வேன்.

உங்கள் வாயாடி