முன்னாடி கிளம்பினவன்

எர்லாங்கன் அருகே, மேற்கு ஜெர்மனி,
பிப்ரவரி 1974

அன்புள்ளவளே,

கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆய்வுக்கூடத்தில் என்னைக் கொஞ்ச நாள் மலைப்பக்கம் ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல காற்று, மூன்று வேளையும் பால். நீ பழைய விலாசத்துக்கே எழுது. என் அறைத்தோழன் சந்திரமௌலி இங்கே கொண்டுவந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போவான்.

நேற்று இங்குள்ள பொதுக்கூடத்து டெலிவிஷனில், சுவீடனில் நடக்கும் உலகப் போட்டியைப் பார்த்தோம். ஆண்கள் காலில் நீளமான சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் பனியில் ஓடுகிறார்கள். முதலில் வந்து சேர்ந்தவனுக்கு நான் கைதட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் ஹெர்மான் இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"அவசரப்படாதீங்க. ஒவ்வொருத்தனாத்தான் அனுப்புறாங்க. இவன் முன்னாடி கிளம்பினவன், அவ்வளவுதான். ஜெயிச்சானான்னு பின்னாடி கிளம்பினவன் வந்தாத்தான் தெரியும்."

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பனியில் விழுந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்கள். கடைசி ஆள் எழுந்து நின்ற பிறகுதான் டெலிவிஷனை அணைக்க விட்டோம்.

இன்று காலை ஹெர்மானின் கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கிறார்கள். அவர் எனக்கு முன்னால் இங்கே வந்தவர், அவ்வளவுதான்.

சித்திரைக்கு வருவேனா என்று கேட்டிருந்தாய். பார்க்கலாம்.

என் கடிதம் வந்தால் குழந்தை பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். இனிமேல் அவளிடம் கொடுக்காதே. படித்ததும் வெயிலில் போட்டுவிட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொள். இங்கே கிடைக்கிற மை நல்ல மை இல்லை.

உன்னவன்