மூன்றாவது கை

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

நான் நூலகத்தில் எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. அந்தப் பெண்ணை அடிக்கவும் இல்லை. என் மருமகள் உன்னிடம் தொலைபேசியில் சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்து அறையிலிருந்துதான் பேசினாள். என் காது நன்றாகவே கேட்கிறது. "அத்தைக்குத் தன் கையெழுத்தே மறந்துபோச்சு சித்தி, பாவம், டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். அந்தப் 'பாவம்' எனக்கு வேண்டாம். மறந்துபோனது நான் இல்லை என்பது உனக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் போனபின் அவருடைய காகிதங்கள் பொது நூலகத்தின் ஆவணப் பிரிவுக்குப் போனதை முன்பே சொல்லியிருக்கிறேன். புல் வாத்தியார் என்று மாணவர்கள் கேலி செய்த மனிதருக்கு அங்கே இப்போது பதினொரு பெட்டிகள். புல் ஒட்டிய தாள்கள் ஆறு பெட்டி, குறிப்பேடுகள் மூன்று, அவர் எழுதிய புல் புத்தகத்தின் கைப்பிரதி இரண்டு. இவற்றைப் பிரித்து, எண்ணிட்டு, பட்டியல் போட ஒரு முதுகலை மாணவி வந்திருக்கிறாள். படிப்பின் பகுதியாக ஆறு மாதப் பயிற்சி; இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஆவண அறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான் என்பது சட்டம். இவள் காதில் ஒன்று, கொண்டையில் ஒன்று, கையில் ஒன்று என்று திரிகிறாள். அவளுக்குப் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டு அதையும் ஏற்றுக்கொண்டாள்.

வியாழக்கிழமைதோறும் நான் போவேன். ஜன்னல் இல்லாத அறை, நீளமான மேசை, தாள் சுருளாமல் இருக்க மேலே வைக்கும் சின்ன மணல் பைகள். புகைப்படங்களில் இருப்பது யார், எந்த ஊர் என்று சொல்வது என் வேலை. முதல் வாரமே எனக்கு எரிச்சல். அவருடைய கிறுக்கலை அவள் தடங்கலில்லாமல் படித்தாள். அதைப் படிக்க எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. ஒருநாள் குறிப்பேட்டைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இன்று அட்டை கடித்தது. புல்லை விட்டு என்னை ஏன் தேர்ந்தெடுத்தது என்று அதனிடம் கேட்கவேண்டும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாராம். "சார் செம ஜாலி போல மேடம்! வீட்லயும் இப்படித்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டில் அவர் ஜோக் அடித்து நான் கேட்டதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கைப்பிரதியில் எத்தனை பேர் எழுதியிருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து கொடுப்பது அவர்கள் வழக்கம். அவர் 'கை அ'. நான் 'கை ஆ'. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு நான் கை ஆ. போகட்டும், அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. புத்தகத்தின் முன்னுரையில் 'முழுவதையும் படியெடுத்து உதவிய என் மனைவிக்கு' என்று அவர் எழுதிய வரியை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்கே இரண்டு முறை காட்டியிருக்கிறேன். நீ இரண்டு முறையும் தலையை ஆட்டினாய்.

போன வியாழக்கிழமை பென்சில் ஏழாம் அத்தியாயத்திலிருந்து பத்து வரை எடுத்து வைத்தாள். அந்தக் கட்டு கல்லூரி அலமாரியிலிருந்து நேராக நூலகத்துக்குப் போனது. என் கண்ணில் பட்டதே இல்லை. "இதுவும் கை ஆ மேடம். லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டேன். புள்ளியெல்லாம் குட்டி வட்டமா இருக்கு, கொம்பு குடைக்காம்பு மாதிரி வளையுது. அச்சு அசல் நீங்கதான்." நம் கான்வென்ட் எழுத்து வகுப்பு மதர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நூறு பெண்களுக்கு அதே வட்டத்தையும் அதே குடைக்காம்பையும் சொல்லிக் கொடுத்தார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் என் வரி நேராக இருக்கும். இந்த வரி வலது பக்கம் போகப் போக மாடிப்படி ஏறுகிறது. இடது கையில் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வைத்து, வலது கையால் எழுதப் பழக்கப்பட்ட ஒரு பெண்ணின் வரி அது. நம் வீட்டில் இடது கைக்காரி நீ ஒருத்திதான்.

இது என் கை இல்லை என்றேன். உங்க கை மாதிரியேதான் இருக்கே மேடம் என்றாள். எழுதிக் காட்டினால்தானே புரியும் என்று என் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தேன். என்னுடைய துண்டுத் தாளில்தான் எழுதப் போனேன். "ஐயோ மேடம், பேனா!" என்று பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உதறினேன். ஒரு மணல் பை கீழே விழுந்தது. அவ்வளவுதான். அவள் அழுதது அதற்காக இல்லை. 'மனைவியின் பங்கு' என்று ஓர் அத்தியாயம் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாளாம். "இது நீங்க எழுதினது இல்லேன்னா என் ரிப்போர்ட்டே போச்சு மேடம். நல்லா இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். என்னைக் கூட்டிப்போக வந்த மருமகள் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீதிக் கதை உனக்கே தெரியும்.

நான் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதத்தில் அந்த நான்கு அத்தியாயமும் எழுதப்பட்டன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன்னை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டவளே நான்தான். பார்க்க வந்த ஒரு நாள் அவர், கல்லூரி எழுத்தர் படியெடுத்துக் கொடுக்கிறார் என்று சொன்னார். நான் படுக்கையிலேயே அந்த எழுத்தருக்கு ஒரு கம்பளி மப்ளர் பின்னி அவரிடம் கொடுத்தனுப்பினேன். அவரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், பார். எதற்கென்றே தெரியாமல் அந்த மனிதர் இருபது குளிர்காலம் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அலைந்தார். என்னைத் தெருவில் பார்த்தால் பெரிய கும்பிடாகப் போடுவார். நானும் எவ்வளவு பணிவான மனிதர் என்று மெச்சிக்கொள்வேன். அந்த நான்கையும் சேர்த்து 'முழுவதையும்' என்று அவர் முன்னுரையில் எழுதியது என் மேல் உள்ள அன்பு என்றுதான் நினைத்தேன். நான் வீடு திரும்பிய மூன்றாம் நாள் நீ பெட்டியைக் கட்டினாய். இன்னும் ஒரு மாதம் இரு என்று, என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா கெஞ்சினாள். நீ என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாய்.

நீ எழுதியது தப்பில்லை. உனக்கு அழகாக எழுத வரும். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்பதைக்கூட இப்போது கேட்கவில்லை. வேறொன்று என்னைத் தின்கிறது. நான் படியெடுத்த பக்கங்களின் ஓரமெல்லாம் அவருடைய சிவப்பு மை. 'கவனம்.' 'மறுபடி எழுதவும்.' 'இங்கே ஒரு சொல் விட்டுப்போயிற்று.' உன் பக்கங்களில் மூன்று இடத்தில் 'நன்று' என்று இருக்கிறது. நன்று! சனிக்கிழமை மறுபடி நூலகத்துக்குப் போய், நான் எழுதிய இருநூற்றுப் பதினாறு பக்கத்தையும் மணல் பையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஓர் இடத்திலும் இல்லை. எட்டாம் அத்தியாயம், பதினேழாம் பக்கத்தில் இருக்கும் 'நன்று'வை அவர் எழுதும்போது நீ பக்கத்தில் நின்றாயா, மறுநாள் தாளில்தான் பார்த்தாயா? எதுவாக இருந்தாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

இப்போது என் மேசையில் நூலகத்தின் படிவம் ஒன்று இருக்கிறது. 'அத்தியாயம் 7 முதல் 10 வரை, யார் கை?' என்ற இடம் காலி. கை ஆ என்று போட்டுக் கையெழுத்திட்டால் பென்சிலுக்கு அவள் அத்தியாயம் கிடைக்கும், எனக்கு என் முன்னுரை வரி கிடைக்கும், மருமகள் டாக்டரை மறப்பாள். இரண்டு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். என்னால் முடியவில்லை. நீ நன்றாக எழுதியதை என் பெயரில் போட்டுக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறும் வரியை என் வரி என்று நூறு வருஷம் கழித்து யாரும் படிக்கக்கூடாது. பென்சிலிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்தக் காலத்துக் கடிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதே ஆளின் இன்றைய எழுத்து ஒரு பக்கம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக் 'கை இ' என்று புதிதாகப் போடலாம் என்றாள். பெயரும் போடுவார்களாம்.

உன் எழுத்து என்னிடம் ஒரு வரி இல்லை. எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துத் தேடினேன். உனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ எனக்குத் தொலைபேசிதான். அவர் போனபோதுகூட அச்சிட்ட அட்டை அனுப்பினாய். அதில் கையெழுத்து உன் மகன் போட்டது. சோம்பேறித்தனம் என்று இத்தனை வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படி ஏறாதே. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி ஒரு பக்கமாவது பதில் எழுது. தொலைபேசி வேண்டாம். கோடு போடாத வெள்ளைத் தாளில், உன் கையால் எழுது.

உன் அக்கா