வளைவில் விழுந்த மரம்

இல்லை, ஜீப்பைத் தவறவிடவில்லை. ஆள் சேராமல் அது நின்றுகொண்டுதான் இருந்தது. ஏற்காட்டில் விடிந்ததிலிருந்து மழை. பின் சீட்டில் ஏறிக் காலை நீட்டினேன். அடியில் ஏதோ இடித்தது. சாக்கில் சுற்றிய கொடுவாள். ஈரச் சாக்கும் துருவும் கலந்த வாடை. மஞ்சக்குட்டைக்குப் போகும் அதே ஜீப், அப்பா. அதே டிரைவர்.

உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். இரண்டு வருடத்தில் துக்கம் தேய்ந்துவிட்டது. இது தேயவில்லை.

அன்றும் மழை. மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் ஏற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் சேலம். டாக்டர் பதினொரு மணி வரைதான் பார்ப்பார். மூன்று வாரமாக உங்களுக்கு நெஞ்சில் வலி. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெளியே மூச்சு விடக் கூடாது என்றீர்கள். எஸ்டேட்டில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது உங்கள் வேலை. தலை சுற்றுகிறது என்று உண்மையைச் சொன்ன ஒருவரை, ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் மறுவாரமே நிறுத்தினார். அந்த மாதமே எஸ்டேட் அவருக்குக் கொடுத்திருந்த லைன் வீடும் போயிற்று.

"நெஞ்சு வலின்னு தெரிஞ்சா மரமேற உடமாட்டாங்க கண்ணு. மரமேறலைன்னா ஊடு ஏது?"

ஆகவே ஜீப்பில் பொய் சொன்னீர்கள். "பாப்பாவ மெட்ராசுல பெரிய படிப்புக்குச் சேக்கறமுங்க. அதுக்கு ஃபோட்டோ எடுக்கப் போறம்."

பதினான்கு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

"ஏனுங்க, ஃபோட்டோவுக்கு இந்த மழைதான் கெடச்சுதா? போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள மொகமே கரைஞ்சு போயிரும்" என்றார் செம்மநத்தத்துப் பழக்கார அம்மா. சிரிப்பு. நானும் சிரித்தேன். உங்கள் பொய்க்கு அந்தச் சிரிப்புதான் சாட்சி.

மூன்றாவது வளைவில் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது.

மலையில் யாரும் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. வண்டியில் வேலை தெரிந்தவர் வெட்டுவார். மற்றவர்கள் இழுத்துப் போடுவார்கள். வேலை தெரிந்தவர் யார் என்று அன்று யாரும் கேட்கவே இல்லை. டிரைவர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து கொடுவாளை உருவி உங்களிடம் நீட்டினார்.

"அண்ணன் இருக்கறப்ப நமக்கென்னங்க கவலை! அண்ணனப் பாத்தா மரமே எந்திரிச்சு ஓடிப்போயிரும்."

"வெரசாப் பண்ணுங்க தம்பி. என்ற பேரிக்கா எல்லாம் ஊறிச் சோறாவுது."

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். "நீ உள்ளயே உக்காரு சாமி. நனையாத."

மூடிக்கொண்டேன்.

துண்டைத் தலையில் கட்டினீர்கள். ஏறப்போகும் மரத்துக்குச் செய்வதுபோலவே அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். விழுந்து கிடந்ததற்கும் அந்த மரியாதை. பிறகு ஒரு மணி நேரம். ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மூன்று வெட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம். நிற்கும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் தூக்கினீர்கள். மூச்சுக்காக. அது எனக்கு மட்டும் தெரியும். நடுவில் ஒருவர் கொடுவாளை வாங்கிக்கொள்ள வந்தார். "உங்களுக்குக் கை பழக்கமில்லீங்க, போய் நனையாம ஒதுங்கி நில்லுங்க" என்று அனுப்பிவிட்டீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வழி திறந்தது. கைதட்டினார்கள். பழக்கார அம்மா ஒரு பேரிக்காயை முந்தானையில் துடைத்து உங்கள் கையில் வைத்தார். எல்லாரும் அவரவர் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். நமக்குப் பஸ் தவறியது. சேலத்தில் டாக்டரின் அறை பூட்டியிருந்தது.

"போனாப் போகுது. அடுத்த வாரம் வந்துக்கலாம்."

"வலிக்குதாங்கப்பா?"

"இப்ப இல்ல கண்ணு."

பேரிக்காயை என்னிடம் கொடுத்தீர்கள். பசித்தது. தின்றேன்.

ஆறாம் நாள், மரத்தில் சாத்திய ஏணியின் பாதியில். கீழே இறக்குவதற்குள் முடிந்திருந்தது. வீடும் போயிற்று, அப்பா. காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். எதைக் காக்க மறைத்தீர்களோ அது நீங்கள் போன பின் ஒரு மாதம்தான் இருந்தது. அம்மா இப்போது மஞ்சக்குட்டையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று பக்கத்து அறைப் பெண் எழுதித்தான் வெளியூரில் இருக்கும் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "மழைக்கு அப்படித்தான்" என்கிறாள். உங்களைப் போலவே.

இன்று, ஆள் சேரும்வரை பொழுது போக, டிரைவர் அந்த மரத்தின் கதையை எடுத்தார். வழக்கமாக எடுப்பதுதான்.

"மனுசன்னா அப்படி இருக்கோணுமுங்க. கொட்டற மழையில ஒரு மணி நேரம். மொகஞ் சுளிக்கலையே! இந்தப் பாப்பாவோட அப்பாதானுங்க."

எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். இதுவரை ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறேன்.

"நாங்க ஃபோட்டோ எடுக்கப் போகலீங்க," என்றேன். "டாக்டர்கிட்டப் போனமுங்க. அன்னிக்கே அப்பாவுக்கு நெஞ்சு வலி."

டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்ன கண்ணு சொல்ற? என்ற கையாலதான கொடுவாள எடுத்துக் குடுத்தேன்?" பிறகு குரல் ஏறியது. "சொல்லியிருந்தா ஜீப்ப அங்கயே போட்டுட்டு தோள்ல தூக்கிட்டு ஓடியிருப்பமே! பதினாலு பேரு இருந்தமே!"

ஓடியிருப்பார்கள். நம்புகிறேன். ரைட்டருக்கு நீங்கள் பயந்தது நியாயம். ஜீப்பில் சொன்ன பேச்சு பொழுது சாய்வதற்குள் எஸ்டேட்டுக்குப் போய்விடும், அதுவும் உண்மை. போனால் போகட்டும் என்று அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நல்ல பெயரை இந்த ஊர் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது அன்று மூடிக்கொண்ட வாய்.

இன்னும் நான்கு பேர் சேர வேண்டியிருந்தது. நான் இறங்கி, டிரைவர் பக்கம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கால் வீங்கியிருக்கிறது, நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், முன் சீட் வேண்டும், ஆள் சேரும்வரை நிற்க முடியாது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.